ஆறுக்கு ஆறு

1960 அக்டோபரில், இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் சார்ல்டனும் மிடில்ஸ்பரோவும் மோதிய ஆட்டம் 6-6 என்று முடிந்தது. மிடில்ஸ்பரோவின் ஆறு கோல்களில் மூன்று பிரையன் கிளஃப் அடித்தவை. மூணு கோல் போட்டும் ஜெயிக்க முடியலைன்னா ஒரு ஸ்ட்ரைக்கர் வேற என்னதான் செய்வான்? தன் அணியின் டிஃபென்ஸில் சிலர் வேண்டுமென்றே கோல் விடுகிறார்கள் என்றே கிளஃப் குற்றம்சாட்டினார். அணியில் அவருக்கு நெருக்கமானவர் கோல்கீப்பர் பீட்டர் டெய்லர்.

அடுத்த வருடம் கிளஃப் சண்டர்லாண்டுக்குப் போனார். 1962 டிசம்பர் 26, பெரி அணியுடன் ஆட்டம். பந்தைத் துரத்தி ஓடியவர் எதிரணி கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்தது. இன்றைக்கு அது ஓர் அறுவை சிகிச்சை, பிறகு சில மாத ஓய்வு. அன்று அது கிட்டத்தட்ட தீர்ப்பு. வயது 27.

1964-ல் சண்டர்லாண்ட் முதல் டிவிஷனுக்கு ஏறியபின் மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். லீட்ஸுக்கு எதிராக ஒரு கோல். மொத்தம் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள். அதில் முதல் டிவிஷனில் அடித்தது அந்த ஒன்றுதான்.

1965-ல், 30 வயதில், நான்காம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்த ஹார்ட்டில்பூல்ஸ் அணிக்கு மேனேஜர் ஆனார். அங்கே பயிற்சியாளரை அப்படித்தான் சொல்வார்கள். கையோடு டெய்லரையும் கூட்டிக்கொண்டார். காசில்லாத கிளப், அணியின் பஸ்ஸை ஓட்டக்கூட லைசன்ஸ் எடுத்து வைத்தார். 1967-ல் டெர்பி, 1972-ல் லீக் சாம்பியன். 1974-ல் லீட்ஸில் 44 நாள் கூத்து. அதைப் பற்றி எல்லோரும் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 1977-ல் இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்து மேலே ஏறிய அணி, அடுத்த சீசனிலேயே சாம்பியன். கோல் மழையா? இல்லை. 42 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 24. பீட்டர் ஷில்டன் என்ற கோல்கீப்பருக்கு 2,70,000 பவுண்டு கொடுத்திருந்தார்கள். கோல்கீப்பருக்குப் போய் இவ்வளவா என்று கேட்ட காலம் அது. கிளஃப்பை வாய்ச்சவடால்காரர், மனசைத் தூண்டிவிடுகிற மந்திரவாதி என்றே பெரும்பாலும் வர்ணிக்கிறார்கள். எனக்கென்னவோ, வாங்கிய கோல்களைக் கடைசிவரை மறக்காத ஸ்ட்ரைக்கராகத்தான் அவர் தெரிகிறார்.

ஐரோப்பியக் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். 1979 இறுதியாட்டத்தில் மால்மோவுக்கு எதிராக 1-0. 1980-ல் கெவின் கீகன் ஆடிய ஹம்பர்க். முதல் பாதியிலேயே ஜான் ராபர்ட்சன் ஒரு கோல் போட்டார். மிச்ச நேரமெல்லாம் ஹம்பர்க் முட்டிக்கொண்டே இருந்தது. ஃபாரஸ்டின் டிஃபென்ஸ் அசையவில்லை. மறுபடியும் 1-0.