வெள்ளைக் கைத்தடியின் கதை

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலோ, கோட்டாறு கடைத்தெருவிலோ வெள்ளைக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு நடந்து போகிறவரைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒதுங்கி வழியும் விட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கம்பு ஏன் வெள்ளையாக இருக்கிறது, அதன் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் குறைவு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. நடுவில் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. தெற்கே பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், இந்தப் பள்ளிகள் தொடங்கிய காலத்தில் வெள்ளைக் கைத்தடி என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லை. சாதாரணக் கம்பு, இல்லையென்றால் கூட வருகிறவரின் தோள், இவைதான் துணை.

பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தில் பார்வை இழந்தார். வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசினார். 1930இல் அமெரிக்காவின் பியோரியா நகரில், கறுப்புக் கம்புடன் சாலையைக் கடக்க ஒருவர் தவிப்பதை ஜார்ஜ் போன்ஹாம் என்ற லயன்ஸ் சங்கத் தலைவர் பார்த்தார். அதே வருடம் அந்த நகரம் வெள்ளைத் தடியுடன் வருகிறவருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. 1931இல் பாரிஸிலும் இந்தப் பழக்கம் பரவியது.

இதுவரை நடந்ததெல்லாம் மற்றவர்கள் பார்ப்பதற்காக. தடி பிடிப்பவருக்குத் தரையைப் பற்றி அது புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவை ஊன்றி நடக்கும் குட்டைக் கம்புகள்.

இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்கள் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே 1944 வாக்கில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் நீளமான, எடை குறைந்த தடியை உருவாக்கினார். அதை ஊன்றக்கூடாது. இடமும் வலமும் வீசி, அடுத்த காலடி விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தொட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய நடைப்பயிற்சிக்கு இதுவே அடிப்படை. 1964 முதல் அக்டோபர் 15 வெள்ளைக் கைத்தடி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தடியைத் தேர்வு செய்யும்போது இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும். ஓரளவு பார்வை உள்ளவர், தன் நிலையை மற்றவர்களுக்குத் தெரிவிக்க மட்டும் குட்டையான அடையாளத் தடி வைத்துக்கொள்ளலாம். தனியாக நடப்பவருக்கு நீளத் தடி தேவை. நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு சுமார் 120 செ.மீ. வேகமாக நடப்பவருக்கு இன்னும் சற்று நீளம் வேண்டும். மடக்கும் அலுமினியத் தடி பேருந்துப் பயணத்துக்கு வசதி. மடக்காத தடியில் தரையின் அதிர்வு கைக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய முனை கரடுமுரடான தரையில் சிக்கிக்கொள்ளும். உருளும் முனை சிக்காமல் ஓடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளக்கரைகளும், கால்வாய்களும், மூடாத ஓடைகளும் அதிகம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். தடி ஒரு சாண் குறைந்தால், பள்ளம் இருப்பது கம்புக்குத் தெரியும் முன் காலுக்குத் தெரிந்துவிடும்.

தடிக்கும் ஒரு குறை உண்டு. தாழ்ந்த மரக்கிளை, நிற்கும் லாரியின் பின்பகுதி போன்றவை அதற்குத் தெரியாது. இதற்காக டெல்லி ஐ.ஐ.டி. குழுவினர் மீயொலி மூலம் தடைகளை உணர்ந்து, கைப்பிடி அதிர்ந்து எச்சரிக்கும் 'ஸ்மார்ட்கேன்' கருவியை உருவாக்கினார்கள். 2014இல் வெளிவந்த இதைத் தயாரித்தது சென்னை நிறுவனம். இதுவும் தடியின் மேல் பொருத்துவதுதான். தடிக்கு மாற்று அல்ல.

1981 முதல் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் நடக்கிறது. கைத்தடியும் அதில் அடங்கும். கண்ணாடி கொடுக்கும்போது கண்ணைச் சோதிக்காமல் யாரும் கொடுப்பதில்லை. தடி கொடுக்கும்போதும் ஆளை நிறுத்தி அளந்து, வீசி நடக்கச் சொல்லிக்கொடுத்த பிறகே கொடுக்க வேண்டும். நிறம் எல்லோருக்கும் ஒன்றுதான். நீளம் ஆளுக்கு ஆள் மாறும்.