கடைப்பெயர் தாங்கிய துப்பாக்கிகள்: அடையாளமும் மதிப்பும்

சிகாகோவில் 1872-இல் தொடங்கிய மான்ட்கோமரி வார்டும், பிறகு அதற்குப் போட்டியாக எழுந்த சியர்ஸ் ரோபக்கும் தையல் இயந்திரம் விற்ற அதே விலைப்பட்டியலில் வேட்டைத் துப்பாக்கியையும் விற்றன. தபாலிலேயே வீட்டுக்கு அனுப்பின. மார்லின், ஸ்டீவன்ஸ், மாஸ்பெர்க் போன்ற ஆலைகள் செய்துகொடுத்த துப்பாக்கிகளில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டன. ஆலைக்கு நிலையான கொள்முதல் கிடைத்தது. அதன் சொந்தப் பெயரில் விற்கும் சரக்கின் விலையும் இறங்கவில்லை.

வார்டு வைத்த பெயர் ‘வெஸ்டர்ன் ஃபீல்ட்’. வெஸ்டர்ன் ஆட்டோ கடைகள் வைத்தது ‘ரெவலேஷன்’. சியர்ஸின் ‘ஜே. சி. ஹிக்கின்ஸ்’ அதன் கணக்குப் பிரிவில் இருந்த ஜான் ஹிக்கின்ஸின் பெயரிலிருந்து வந்தது. 1960களில் அவ்விடத்தைப் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயர் பிடித்தது. இருவரில் எவரும் துப்பாக்கி செய்தவர் அல்லர்.

செய்தவரை அறிய மாடல் எண்ணைப் படிக்கவேண்டும். சியர்ஸ் எண்ணில் புள்ளிக்கு முன்னுள்ள இலக்கங்கள் ஆலையின் குறியீடு: 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட், 103 என்றால் மார்லின், 273 என்றால் வின்செஸ்டர். காலத்தைக் கணிப்பதுதான் கடினம். பல .22 ரைபிள்களிலும் ஷாட்கன்களிலும் வரிசை எண்ணே கிடையாது. அதை எல்லாத் துப்பாக்கிகளுக்கும் கட்டாயமாக்கியது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதிபர் கென்னடியைச் சுட்ட ரைபிள் சிகாகோ கடையொன்றிலிருந்து தபாலில் வாங்கப்பட்டதும் அச்சட்டத்துக்கு ஒரு தூண்டுதல். பொதுமக்களுக்கான மாநிலம் கடந்த தபால் விற்பனையையும் அச்சட்டமே நிறுத்தியது. ஆகவே அச்சட்டத்துக்கு முன் எண்ணில்லாமல் வந்த துப்பாக்கிக்கு அக்கால விலைப்பட்டியல்களே பிறப்புச் சான்று. வெறும் விளம்பரத்தாள் என்று அவற்றை ஒதுக்குவது ஆய்வுக்குப் பெரும் இழப்பு.

மதிப்புக்கு வருவோம். டெட் வில்லியம்ஸ் மாடல் 100 உண்மையில் வின்செஸ்டர் 94தான். ஆனாலும் சேகரிப்போர் ஆலைப்பெயரையே தேடுவதால், கடைப்பெயர் கொண்டது பொதுவாகக் குறைந்த விலைக்கே போகிறது. இந்தத் தள்ளுபடி எல்லா இடத்திலும் நியாயமானதல்ல என்பது என் முடிவு. ஹிக்கின்ஸ் மாடல் 50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை செய்த மவுசர் இயக்கப்பகுதி, உட்புறம் குரோமியம் பூசிய குழல். அதை உருவாக்கியது ஹை ஸ்டாண்டர்ட். தரத்தில் அன்றைய பெரும்பெயர் ரைபிள்களுக்கு அது இளைத்ததல்ல. எந்தப் பெயரானாலும் மூலப் பூச்சு அழியாதிருப்பது முக்கியம். பளபளப்புக்காக மெருகேற்றியதும் மதிப்பு சரிந்துவிடும்.

காற்றுத்துப்பாக்கிகளில் பெயர்க் குழப்பம் நாடுகளையும் கடந்தது. ஜெர்மனியின் ரஸ்டாட் நகரில் டயானா ஆலை செய்த மாடல் 27, அமெரிக்காவில் வின்செஸ்டர் 427 என்றும் ஹை-ஸ்கோர் 807 என்றும் விற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டயானாவின் இயந்திரங்களும் பெயருரிமையும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோவுக்குப் போயின. ஜெர்மன் ஆலை மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியபோது, பிரிட்டனில் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில்தான் விற்கமுடிந்தது. 1980களில்தான் அங்கே பழைய பெயர் அதற்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் விற்ற ‘டயானா’ ஸ்காட்லாந்துச் சரக்கு, ‘ஒரிஜினல்’ ஜெர்மன் சரக்கு. பெயரை நம்பி ஜெர்மன் விலை கொடுக்குமுன், செய்த நாட்டின் முத்திரையையும் ஜெர்மன் துப்பாக்கிகளில் பொதுவாகக் காணப்படும் மாத-ஆண்டு முத்திரையையும் தேடிப் பார்த்தாக வேண்டும்.