கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்: வைரஸ் வீரியமானதா, சாதுவானதா? எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

முந்தின நாள் சாயங்காலம் வரை நல்லா மேய்ந்த கோழி, காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். பார்த்ததுமே 'வெள்ளைக்கழிச்சல்'னு சொல்லிடுவாங்க. ஆனால் பறவைக் காய்ச்சலும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் உறுதி செய்ய முடியாது.

ராணிக்கெட் பெயர் ஏன்?

1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை 'நியூகாசில் நோய்' என்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கெட்டில் தென்பட்டதால் இங்கே 'ராணிக்கெட்'.

வைரஸ் இருந்தாலே ஆபத்தா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புறாங்க. குஞ்சுகளுக்குக் கண்ணில் விடும் லசோட்டா சொட்டு மருந்திலும் உயிருள்ள, வீரியம் குறைந்த வைரஸ்தான் இருக்கு. தடுப்பூசி போட்ட கோழியிலும் பரிசோதனையில் வைரஸ் தெரியலாம். அதனால் 'இருக்கா' என்பதைவிட 'எவ்வளவு வீரியம்' என்பதுதான் முக்கியமான கேள்வி.

எப்படி அளக்கிறாங்க?

கருவுள்ள முட்டைக்குள் வைரஸைச் செலுத்துவது ஒரு முறை. கரு சராசரியாக 60 மணி நேரத்துக்குள் இறந்தால் கடும் வீரியம், 60 முதல் 90 மணி நேரம் என்றால் நடுத்தரம், அதுக்கும் மேல் என்றால் சாது.

இன்னொன்று, ஒரு நாள் குஞ்சுகளின் மூளைக்குள் செலுத்தி 8 நாள் கவனிப்பது. தினமும் நலமாக இருக்கும் குஞ்சுக்கு 0, நோயுற்றதுக்கு 1, இறந்ததுக்கு 2. கேட்கவே கஷ்டமான சோதனைதான். சராசரி 0.7 அல்லது அதுக்கு மேல் வந்தால் வீரிய வைரஸ் என்பது உலக விலங்கு நல அமைப்பின் அளவுகோல்.

இப்போது மரபணுவைப் படித்தே சொல்லிவிட முடியும். செல்லுக்குள் நுழைய உதவும் 'எஃப்' புரதம் ஓரிடத்தில் வெட்டப்பட்டால்தான் வைரஸ் வேலை செய்யும். சாதுவான வகையை வெட்டும் நொதிகள் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் முக்கியமாக இருக்கு. வீரிய வகையை வெட்டும் நொதியோ உடல் முழுக்க இருக்கு. அதனால்தான் அது மூளை வரை போய்க் கழுத்தைத் திருக வைக்கிறது.

வளர்ப்பவர்கள் என்ன செய்யணும்?

இதுக்கு நேரடி மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, சுமார் 8 வாரத்தில் இறக்கையில் ஊசி. ஊசி மருந்தில் இருப்பது நடுத்தர வீரியமுள்ள முக்தேஸ்வர் வகை வைரஸ் என்பதால் சின்னக் குஞ்சுகளுக்குப் போடக்கூடாது. இறந்த கோழியைக் குளத்திலோ குப்பையிலோ வீசாமல், கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கணும்.