தமிழ் பேசும் பிள்ளையை எந்த மொழியில் சோதிப்பது? சிறப்புக் கல்வி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளை, மருத்துவமனையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கிறது. இது பேச்சுக் குறைபாடா, மொழி புரியாத தயக்கமா? இதற்குச் சரியான விடை கிடைக்காவிட்டால் இரண்டு விதமான தவறு நேரும். குறைபாடு இல்லாத பிள்ளை சிறப்பு வகுப்பில் சேர்க்கப்படலாம். குறைபாடு உள்ள பிள்ளை, "மொழிதான் பிரச்சினை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று உதவியின்றி விடப்படலாம்.

குடும்பத்தின் மொழியையும் பழக்கவழக்கத்தையும் அறிந்து பிள்ளையைச் சோதிப்பதும், அதற்கேற்பக் கற்பிப்பதும், பெற்றோரை முடிவுகளில் சேர்த்துக்கொள்வதும்தான் பண்பாடு சார்ந்த சிறப்புக் கல்வி எனப்படுகிறது.

ஒன்பது பிள்ளைகளின் வழக்கு

இந்தச் சிந்தனை வலுப்பெறக் காரணமானவை குடியேறிகளின் பிள்ளைகள் தொடர்பான வழக்குகள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஆங்கிலத்தில் நடத்திய அறிவுத்திறன் சோதனையை வைத்து அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டனர். ஸ்பானிய மொழியில் மீண்டும் சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்பது தெரிந்தது. 'டயானா' வழக்கு எனப்படும் இது 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. பிள்ளையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என மாநிலம் ஏற்றுக்கொண்டது. 1975-இல் வந்த அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்திலும் தாய்மொழியில் சோதிக்கும் விதி இடம்பெற்றது.

நம் நாட்டில் உள்ள வழிகள்

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டமும், 2013-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகளும் நடப்பில் உள்ளன. சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் தொடங்கியது.

பிள்ளைகளுக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, தனிச் சிறப்புக் கல்விப் பள்ளி. இரண்டு, சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம், அதாவது பி.பி.கே.ஐ. மூன்று, மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் உள்ளடங்கிய கல்வி. சில தமிழ்ப்பள்ளிகளிலும் பி.பி.கே.ஐ. வகுப்புகள் நடக்கின்றன. அருகில் எந்தப் பள்ளியில் வகுப்பு உள்ளது என்பதை மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டறியலாம்.

குறைநீக்கல் வகுப்பையும் சிறப்புக் கல்வியையும் பலர் ஒன்றென நினைக்கின்றனர். வாசிப்பு, எழுத்து, கணக்கில் பின்தங்கிய மாணவர்களுக்கு உதவுவது குறைநீக்கல் வகுப்பு. தேர்ச்சி பெற்றதும் மாணவர் அதிலிருந்து வெளியே வந்துவிடுவார். சிறப்புக் கல்வியில் சேர, பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருப்பதை மருத்துவர் போன்ற தகுதி பெற்றவர் உறுதிப்படுத்த வேண்டும். ஆசிரியர் "குறைநீக்கல்" என்று சொன்னால் பதற வேண்டியதில்லை.

படிப்படியாக

முதல் இடம் அரசாங்க சுகாதார கிளினிக். கட்டணம் பற்றிய பயத்தால் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றரை வயதில் ஆட்டிசம் அறிகுறிக்கான கேள்விப் பட்டியல் அங்கே கேட்கப்படும். தேவைப்பட்டால் மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

குறைபாடு உறுதியானால் சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்து ஓகேயூ அட்டை பெறலாம். பதிவு கட்டாயமல்ல. ஆனால் பல உதவிகளுக்கு அதுவே நுழைவாயில். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா ஆகியவை கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகின்றன. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் பள்ளி வயது வரும்வரை காத்திருக்காமல் பதிவு இலாகாவை முன்கூட்டியே அணுகுவது நல்லது.

பள்ளியில் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதத்திற்கு மேற்படாத கண்காணிப்புக் காலம் உண்டு. பிறகு 'ஆர்.பி.ஐ.' எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்கப்படும். அரசாங்கப் பள்ளிகளின் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்கு சமூக நல இலாகாவின் பி.டி.கே. சமூக மறுவாழ்வு மையங்கள் உள்ளன. இத்திட்டம் 1984-இல் திரங்கானுவில் தொடங்கியது.

சோதனை நாளில் பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளைக்கு வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அது தமிழில் பேசும் சொற்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் விளையாடுவதையும் பேசுவதையும் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

பழக்கவழக்கங்களையும் விளக்க வேண்டும். சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் பிள்ளைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாதது குறைபாடல்ல. பெரியவர்களை நேராகப் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை மருத்துவரின் கண்ணைப் பார்க்காமல் இருக்கலாம். ஆனால், பெற்ற தாய் கூப்பிட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மலாய் சரளமாக வராத தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்த தாய்மாரும் உண்டு. அவர்கள் தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கேட்கத் தயங்க வேண்டாம். நம்பகமான பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். அண்ணன், அக்காவான சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது சரியல்ல. புரியாத பாரத்தில் உடனே கையெழுத்திடாமல், வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழை நிறுத்த வேண்டுமா?

"ஒரே மொழியில் பேசுங்கள், தமிழ் பிள்ளையைக் குழப்பும்" என்ற அறிவுரை பல வீடுகளுக்குக் கிடைத்திருக்கிறது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. இரு மொழிச் சூழலில் வளர்வது அவர்களின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக அவை காட்டவில்லை. தாய்க்கு நன்றாக வரும் மொழியில்தான் பிள்ளைக்கு நிறையப் பேச்சு கிடைக்கும். தமிழை நிறுத்தினால் பாட்டியோடு இருக்கும் பேச்சும் நின்றுவிடும்.

"அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் சில வேளை உண்மையாகலாம். கோயிலில் நேர்ந்துகொள்வதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை கிளினிக்கில் காட்டுவதால் இழப்பு எதுவும் இல்லை. குறைபாடு இல்லையென்றால் நிம்மதியாக வீடு திரும்பலாம். இருந்தால், பயிற்சியைப் பள்ளிக்குப் போகும் முன்பே தொடங்கிவிடலாம்.