கற்சிலைமடுக் கல்

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல்லை நாட்டினர். இதன் அண்மையிற் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பதும், நாள் 1803 ஒக்டோபர் 31 என்பதுமே அதிற் பொறித்த செய்தி. தமிழர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர். இதுவோ வென்றவனுக்கு நாட்டிய கல்!

வன்னிபங்கள் எளிதில் அடங்கியவர்கள் அல்லர். போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தனர்; அதனையும் பலகால் நிலுவையில் வைத்தனர். காட்டுக்குள் ஆட்சி அவர்களுடையதாகவே இருந்தது. 1782இல் ஒல்லாந்தர் படையனுப்பி அந்நிலையை மாற்றினர். 1796இல் கரைநாடுகள் முற்றாக ஆங்கிலேயர் கைக்கு மாறின.

1803 யூன் மாதத்திற் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. பண்டார வன்னியன் அக்காலத்தை நழுவவிடவில்லை. கண்டியாரின் துணையோடு எழுந்து, ஓகஸ்ட் 25ஆந் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. இரண்டு மாதங்கழித்தே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் அவனை எதிர்பாரா வேளையில் வளைத்தனர்.

அவன் அங்கேயே மாண்டான் என்று நாடகமேடைகள் பல காட்டியுள்ளன. கல்லோ தோல்வியை மட்டுமே கூறுகின்றது, சாவைக் கூறவில்லை. பகைவனைக் கொன்றிருந்தால் வென்றவர் அதனைப் பொறியாது விட்டிருப்பரோ? இவ்விடத்தில் மேடையினுங் கல்லையே நம்பவேண்டும். ஆயினும் கல்லும் முழுக்கதையைச் சொல்லவில்லை. முல்லைத்தீவுக் கோட்டை விழுந்த ஓகஸ்ட் 25ஐப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.