வால்பாறை யானை முன்னெச்சரிக்கை முறை

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறை மேட்டுநிலத்தில் யானை நடமாட்டத்தை மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு. வனத்துறை, எஸ்டேட் நிர்வாகங்கள், தொழிலாளர்கள், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வு அமைப்பு ஆகியோரின் கூட்டு முயற்சி இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே மழைக்காடு திருத்தப்பட்டுக் காப்பியும் தேயிலையும் பயிராயின. அடுத்த நூறாண்டில் யானைகளோடு மக்கள் எப்படிப் புழங்கினர் என்பதற்கு முறையான பதிவுகள் அரிது.

ஆய்வாளர் எம். ஆனந்த குமாரும் உடன் பணிபுரிந்தோரும் 2002 முதல் யானைகளைப் பின்தொடர்ந்து திரட்டிய தரவுகளே இம்முறையின் வரலாற்றில் விரிவான பகுதி. யானைகள் தேயிலையைத் தின்பதில்லை; பகலில் ஆற்றோரச் சோலைகளில் தங்கி, இருட்டியபின் தோட்டங்களைக் கடக்கின்றன. ரேஷன் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் அவை உடைப்பது பெரும்பாலும் அரிசிக்காகவும் பருப்புக்காகவும்தான், உப்பையும் விடுவதில்லை. 1994க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் யானை தாக்கி இறந்தோர் 39 என்றும் 41 என்றும் கூறப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யானை அருகிலிருப்பதை அறியாமல் சாலையிலோ தேயிலைக் காட்டிலோ எதிர்ப்பட்டவர்கள். ஆகவே குறைக்கவேண்டியது யானைகளின் எண்ணிக்கையை அன்று, எதிர்பாராத சந்திப்புகளையே என்ற முடிவு பிறந்தது. 2006இல் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் யானை நிற்கும் இடம் எழுத்தோட்டமாகக் காட்டப்பட்டது. 2011 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் கைபேசிக் குறுஞ்செய்திகள் சென்றன. மேடான இடங்களில் நிறுவிய சிவப்பு விளக்குகளைப் பதிவுபெற்ற உள்ளூர்வாசிகளே கைபேசியில் அழைத்து எரியவைத்தனர். கைபேசி இல்லாத வழிப்போக்கருக்கும் அந்த ஒளி போதும். இப்பணிக்காக ஆனந்த குமார் 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார்.

இம்முறை வந்தபின் உயிரிழப்பு குறைந்தது; அதை இதன் பயன் என்று மட்டும் கொள்ளலாமா என்பது விவாதத்துக்குரியது. வனத்துறையின் விரைவுக் குழுக்களுக்கும் மக்களின் எச்சரிக்கையுணர்வுக்கும் அதில் பங்குண்டு. அவற்றைப் பிரித்து அளப்பது கடினம். விலகி நடக்கும் சுமை தொழிலாளர் மீதே விழுகிறது என்ற குறையும் நியாயமானது. ஆனால் வேலியும் விரட்டலும் யானையை அடுத்த எஸ்டேட்டுக்குத் தள்ளுமே தவிர, அங்கே நடந்து செல்பவரைக் காப்பதில்லை. தவிரவும், தகவல் தருபவரும் பெறுபவரும் அதே மக்கள் என்பதால்தான் செய்தி நம்பப்படுகிறது. நெல்லும் வாழையும் யானையை ஈர்க்கும் சமவெளி ஓரங்களுக்கு இம்முறை மட்டும் போதாது. பயிரிழப்பை எச்சரிக்கையால் தடுக்க இயலாது.