படியேறும் முன்

வியாயாமத்தில் இறங்குகிறவன் தன் வயதையும் பலத்தையும் சரீரத்தையும், தான் வாழும் தேசத்தையும் காலத்தையும், உண்ணும் உணவையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகே அதைத் தொடங்க வேண்டும் என்று சுசுருதர் தம் வைத்திய நூலில் விதித்திருக்கிறார். இருமல்காரன், இளைப்புக்காரன், க்ஷயரோகி, அப்போதுதான் உண்டு எழுந்தவன் ஆகியோரை அவர் அந்தக் களத்துக்குள்ளேயே விடவில்லை. மற்றவர்களையும் பாதி பலத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னவர், பாதி ஆகிவிட்டது என்பதற்கு மூச்சு வாய்வழியே வரத் தொடங்குவதை அடையாளமாக வைத்தார். கருவி ஏதுமற்ற காலத்தில் இதைவிட எளிய அளவுகோல் கிடைப்பது அரிது. ஆனால் மூச்சு காட்டிக்கொடுக்காத நோய்களும் உண்டு.

அவற்றுள் தலையாயது இருதய நோய். ஓய்ந்திருக்கும் இருதயம் தன் குறையை மறைத்துக்கொள்ளும் என்பது வைத்தியர்களுக்குப் புரிந்தபோது, அதை வேலை வாங்கிப் பார்க்கும் உபாயங்கள் பிறந்தன. 1929-இல் ஆர்தர் மாஸ்டர் என்ற நியூயார்க் வைத்தியர் ஓப்பன்ஹைமர் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட பரீட்சைக்கு வேண்டிய சாதனம், ஒரு தச்சன் அரை நாளில் அடித்துக் கொடுத்துவிடக் கூடியதுதான்: 9 அங்குல உயரமுள்ள படிகள், இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி மறுபடியும் ஏற வேண்டும். ஒன்றரை நிமிஷத்துக்குள் எத்தனை தடவை என்பதை, வயதுக்கும் எடைக்கும் ஆண் பெண் என்ற பேதத்துக்கும் தக்கபடி ஓர் அட்டவணை சொல்லும். இறங்கி நின்றவரின் நாடியும் ரத்த அழுத்தமும் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு மீளுகின்றன என்பதே முதலில் கவனிக்கப்பட்டது. இருதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி பிற்பாடுதான் இந்தப் படிகளோடு சேர்ந்தது.

படிகளின் இடத்தை ஓடும் பட்டை பிடித்துக்கொண்டது. 1963-இல் ஸியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் வகுத்துக் கொடுத்த முறைப்படி, நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் மணிக்கு 1.7 மைல் வேகத்தில் நடை தொடங்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். மார்பு ரோமத்தை மழித்து, கம்பிகளை ஒட்டி, நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் டி.எம்.டி. என்ற பெயரில் இன்று நடத்தப்படுவது பெரும்பாலும் இதுதான்.

ஆனால் தெருவில் நடக்க ஆசைப்படுகிற ஒவ்வொருவரையும் வைத்தியர் முன் நிறுத்த எந்த ராஜ்யத்தாலும் இயலாது. இந்தச் சங்கடம் 1970-களில் கானடாவுக்கு நேர்ந்தது. வீட்டிலேயே கிராமபோன் இசைத்தட்டின் தாளத்துக்கு இரண்டு படி ஏறி இறங்கித் தன் திறனைத் தானே அளந்துகொள்ளும் ஒரு பரீட்சையை அங்கே ஜனங்களிடையே பரப்ப முற்பட்டார்கள்; பாட்டு ஓடும்போது பக்கத்தில் வைத்தியர் இருக்கமாட்டார் அல்லவா? அதற்காகவே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு கேள்வித்தாள் தயாராயிற்று. அது ஜாக்கிரதையின் மிகுதியால் வேண்டாதவர்களையும் தடுத்து நிறுத்தியபடியால், 1994-இல் திருத்தம் பெற்றது. இருதயக் கோளாறு உண்டென்று வைத்தியர் எப்போதாவது சொன்னாரா, உழைக்கும்போது மார்பு வலிக்கிறதா, சும்மா இருக்கும்போதும் வலித்ததா, தலைசுற்றல் உண்டா, எலும்பிலோ மூட்டிலோ தொல்லையா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்கிறீரா என்று ஆறு கேள்விகள். பயிற்சி கூடாது என்பதற்கு வேறு காரணம் ஏதேனும் தெரியுமா என்பது ஏழாவது.

பத்து நிமிஷப் படிப்பே உள்ள இந்தத் தாளை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் ஜிம் ஃபிக்ஸின் கதையை இதன் அருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தினம் இரண்டு பெட்டி சிகரெட் பிடித்த அவர், 35-ஆம் வயதில் ஓடத் தொடங்கிப் புகையை விட்டு, 1977-இல் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தால் லக்ஷக்கணக்கான அமெரிக்கர்களை வீதிக்கு அழைத்து வந்தார். 1984 ஜூலை 20-ஆம் தேதி வெர்மான்டில் ஓடும்போதே விழுந்து இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இருதயத்தின் ரத்தக் குழாய்கள் பெரிதும் அடைபட்டிருந்தது தெரியவந்தது. தம்முடைய நிலையத்துக்கு வந்திருந்தபோது ஓடுபட்டைப் பரீட்சை செய்துகொள்ள அவர் மறுத்துவிட்டார் என்று உடற்பயிற்சி வைத்தியர் கென்னத் கூப்பர் பின்னர் சொன்னார். ஃபிக்ஸின் தகப்பனாரும் இருதய நோயால் 43-ஆம் வயதில் மாண்டவர்.

அந்த 43-ஐ ஏழு கேள்விகளில் எதுவும் நேராகக் கேட்பதில்லை. குடும்பத்தில் அகால இருதய மரணம் உண்டா என்பதையும் சேர்த்து அபாயக் குறிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை, ஜனங்கள் பயந்து பயிற்சியையே கைவிடுகிறார்கள் என்ற காரணத்தால், 2015-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் தளர்த்திவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பதே பேரபாயம் என்ற அவர்கள் வாதத்தை மறுக்க நான் துணியேன்.

எங்கள் பேட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நான் சேரப்போனபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த பிள்ளை இத்தகைய தாள் ஒன்றை நீட்டி, “எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு போட்டுடுங்க சார், பார்மாலிட்டிதான்” என்றான். வேறு காரணம் ஏதேனும் உண்டா என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் அவனே முன்கூட்டிப் பேனாவால் நிரப்பி வைத்திருந்தான்.